வயிற்றை வெட்டித்தான் சர்க்கரையைக் குறைக்க வேண்டுமா?

செல்வி_மதுரை
அண்ணனுக்கு வயது 43. எடை 112 கிலோ, உயரம் 168 செ.மீ. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. இன்சுலின் போட்டும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.6-ல் நிற்கிறது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதால் ராத்திரி மெஷின் மாட்டிக்கொண்டுதான் படுக்கிறார். ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொல்கிறார் மருத்துவர். அம்மாவோ, "வாயைக் கட்டினால் போதாதா, நல்ல வயிற்றை எதுக்குடி வெட்டணும்?" என்று அழுகிறார். செய்யலாமா, வேண்டாமா?

கணபதி
வேண்டாம் என்பேன் சகோதரி. ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. என் மைத்துனர் செய்துகொண்டார். முதல் வருடம் 30 கிலோ குறைந்தது, ஊரே மெச்சியது. நாலாவது வருடம் பாதி திரும்பி வந்துவிட்டது. மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த மருத்துவமனையிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. பி12 வைட்டமின் ஊசியை இவர் விட்டுவிட்டார்; பாதம் மரத்து, செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாமல் நடந்தார். பிரிட்டனில் 2017-ல் வந்த டைரக்ட் ஆய்வைப் பாருங்கள். தினம் சுமார் 850 கலோரி அளவுக்குக் கஞ்சி மாதிரியான உணவை மட்டும் சில மாதம் கொடுத்தே, ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேருக்குச் சர்க்கரை மருந்தில்லாமல் கட்டுக்குள் வந்தது. கத்தியே வைக்கவில்லை.

இளமாறன்
கணபதி அண்ணா, நான் இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி, சிறுகுடலின் கொஞ்சம் தள்ளிய பகுதியோடு இணைப்பது) செய்துகொண்டவன், ஆறு வருடம் ஆகிறது. "வாயைக் கட்டு" என்ற சொல்லை இருபது வருடம் கேட்டேன். கட்டவும் செய்தேன். மூன்று முறை 15 கிலோ குறைத்து, மூன்று முறையும் அதற்கு மேலே ஏறினேன். எடை குறையக் குறையப் பசியைக் கூட்டுகிற ஹார்மோன் ஏறும், உடம்பு எரிக்கிற கலோரி இறங்கும். இதற்குப் பெயர் சோம்பேறித்தனம் இல்லை.

ஆபரேஷன் முடிந்த முதல் வாரம் மருந்து மூடியில் 30 மில்லி தண்ணீரை அளந்து, பத்து நிமிடம் உறிஞ்சிக் குடித்தேன். முதல் அரை இட்லியைச் சாப்பிட இருபது நிமிடம் ஆனது. ஆனால் எடை இன்னும் பெரிதாக இறங்காத அந்த வாரத்திலேயே என் இன்சுலின் பாதியாகக் குறைந்தது. சாப்பாடு சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. இப்போது எல்லாரும் பேசுகிற எடை குறைக்கும் ஊசியில் இருப்பது அதன் நகல்தான்.

தேன்மொழி_நர்ஸ்
சர்க்கரைப் பிரிவில் வேலை செய்கிறேன். கணபதி சார், டைரக்ட் ஆய்வில் சேர்ந்தவர்களுக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள்தான். இன்சுலின் போடுகிறவர்களைச் சேர்க்கவே இல்லை. செல்வியின் அண்ணனுக்குப் பன்னிரண்டு வருடம், இன்சுலின் வேறு. அந்தக் கணக்கு இவருக்குப் பொருந்தாது.

கணபதி
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே கணக்கு உங்கள் பக்கமும் திரும்புமே? பழைய சர்க்கரை, இன்சுலின் என்றால் ஆபரேஷன் செய்தாலும் முழுசாக விடுபடும் வாய்ப்பு குறைவுதான். 1987-ல் தொடங்கிய சுவீடன் ஆய்வில் இரண்டு வருடத்தில் 72 சதவீதம் பேர் சர்க்கரையிலிருந்து மீண்டிருந்தார்கள். பதினைந்து வருடத்தில் அது 30 ஆகிவிட்டது. மெலிந்த முகத்தின் படத்தை விளம்பரத்தில் போடுகிறவர்கள் இந்த 30-ஐச் சொல்வதில்லை. அதுதான் என் கோபம்.

தேன்மொழி_நர்ஸ்
கோபம் நியாயம். ஆனால் அதே ஆய்வில் ஆபரேஷன் செய்யாதவர்களுக்குப் பதினைந்து வருடத்தில் எவ்வளவு தெரியுமா? 6.5 சதவீதம். கண், சிறுநீரகம், நரம்பு கெடுவதும் செய்துகொண்டவர்களிடம் பாதி அளவுதான். சர்க்கரை திரும்பி வந்தாலும் நடுவில் கிடைத்த வருடங்கள் வீண் இல்லை சார். கால் விரல் எடுத்தவர்களுக்குத் தினமும் கட்டுப் போடுகிறேன், அந்த வருடங்களின் மதிப்பு எனக்குத் தெரியும்.

செல்வி_மதுரை
ஊசி போதாதா அக்கா? மவுன்ஜாரோ இங்கேயே கிடைக்கிறதாமே.

தேன்மொழி_நர்ஸ்
நல்ல மருந்து. ஆய்வில் அதிக டோஸில் சராசரியாக 20 சதவீதம் வரை எடை குறைந்தது. சர்க்கரைக்காரர்களுக்கு அதைவிடக் குறைவு. நிறுத்தினால் பெரும்பாலும் எடை ஏறிவிடும், அதனால் செலவை வருடக்கணக்கில் யோசியுங்கள். ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் உண்டா என்றும் பாருங்கள். பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 35-க்கு மேல், கட்டுப்படாத சர்க்கரை அல்லது தூக்கத்தில் கடுமையான மூச்சுத் தடை இருந்தால் பல பாலிசிகளில் இடம் இருக்கிறது.

கணபதி
சகோதரி, உங்கள் முடிவில் நான் தலையிடவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அண்ணனுக்கு நெஞ்செரிச்சல் உண்டா? என் மைத்துனரிடம் இதை யாரும் கேட்கவில்லை. ஸ்லீவுக்குப் பிறகு புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறி, ராத்திரியில் உட்கார்ந்தே இருப்பார்.

இளமாறன்
அண்ணா சொல்வது ரொம்ப முக்கியம். ஸ்லீவில் இரைப்பை ஒரு குறுகிய குழாய் ஆகிவிடும், உள்ளே அழுத்தம் கூடும், அமிலம் மேலே ஏறும். எனக்கு அந்தத் தொல்லை இருந்ததால்தான் எண்டோஸ்கோபி (வாய் வழியே கேமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) பார்த்துவிட்டு பைபாஸ் என்று மாற்றினார்கள். அதில் சத்துக்குறைவு இன்னும் அதிகம். இரும்பு, கால்சியம், பி12 எல்லாம் ஆயுசுக்கும் எடுக்க வேண்டும். நான் ஒரு நாளும் விட்டதில்லை.

செல்வி_மதுரை
இப்போதுதான் அண்ணியிடம் கேட்டேன். இரண்டு வருடமாகத் தலைக்கு மூன்று தலையணை வைத்துத்தான் படுக்கிறாராம். மெஷினுக்காக என்று நினைத்திருக்கிறார்கள். மெடிக்கலில் ஜெலுசில் வாங்கி வைத்துக்கொண்டு குடிக்கிறார், மருத்துவரிடம் சொன்னதே இல்லை. வியாழக்கிழமை நானும் கூடப் போகிறேன். எண்டோஸ்கோபி பார்க்காமல் தேதி குறிக்க விடமாட்டேன்.