முட்டம் மேலே இரண்டு விமானம் உரசுகிற மாதிரி போனதே?

கேள்வி: நேற்று சாயங்காலம் முட்டம் கடற்கரையில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்கோடு போட்டபடி வந்த இரண்டு விமானம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப்போன மாதிரி இருந்தது. இப்படிப் போகலாமா?

பதில்: பயப்படாதே மக்கா. மேல்கீழாக 1,000 அடி இடைவெளி இருந்தால் போதும், தரையிலிருந்து அது கண்ணுக்குத் தெரியாது. ஒரே உயரமென்றால் ரேடார் கண்காணிப்பில் பொதுவாக 5 கடல்மைல் விடுவார்கள். கடல்மைல் கணக்கு உனக்குச் சொல்லித்தர வேண்டாம். இந்த இரண்டு இடைவெளியும் சேர்ந்து குறைந்தால்தான் வில்லங்கம்.

கேள்வி: சரி அண்ணே, குறைந்தால்?

மற்றொரு பதில்: விமானங்கள் மோதாமல் எச்சரிக்க உள்ளேயே இருக்கும் டிகாஸ் கருவி ஒரு விமானத்தை ஏறச் சொல்லும், மற்றதை இறங்கச் சொல்லும். தரையிலிருந்து வழிசொல்லும் கட்டுப்பாட்டாளர் வேறு சொன்னாலும் கருவி சொன்னதுதான் கணக்கு. 2002இல் ஜெர்மனியின் ஊபர்லிங்கனில் கருவி ஏறச் சொல்லியும் ஒரு விமானம் கட்டுப்பாட்டாளர் சொன்னபடி இறங்கியது. மோதவந்த மற்ற விமானமும் தன் கருவி சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர் இறந்தார்கள்.