ஈஸ்டர் ராத்திரி பூசைல செங்கடல் வாசகத்த மாத்திக்கலாமா?

அன்பியம்_புதுசு:
எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷம் பெரிய சனி ராத்திரி பூசைக்கு பைபிள் வாசகம் வாசிக்கிற பொறுப்பு எங்க அன்பியத்துக்கு (பக்கத்து வீட்டுக்காரங்க சேர்ந்த பங்குக் குழு) வந்துருக்கு. பழைய ஏற்பாட்டுல 7 வாசகம் இருக்குல்ல, நேரமாகும்னு 3 ஆக்கிட்டாங்க, அதுல இஸ்ரயேலர் செங்கடலக் கடக்குற விடுதலைப் பயணம் 14ஆம் அதிகாரம் எனக்கு. நான் இதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை ரெண்டாம் வாசகம் ஒரே ஒரு தடவ வாசிச்சிருக்கேன், அது அஞ்சாறு வசனம்தான், இது 18 வசனம் வருது. வீட்ல வாசிச்சுப் பாத்தா பார்வோன், தேர், குதிரைவீரர்னு திரும்பத் திரும்ப வந்து எந்த வரில நிக்கிறேன்னே தெரியாம போயிடுது. கஷ்டமா இருந்தா ஃபாதர்ட்ட சொல்லி எசாயா வாசகமா மாத்திக்கோன்னு அம்மா சொல்றாங்க. மாத்தலாமா?

இன்னொன்னும் மனச உறுத்துது. எகிப்துக்காரங்க அத்தன பேரும் கடல்ல செத்துப் போறத, எல்லாரும் சந்தோஷமா வந்துருக்குற ராத்திரில நான் எந்தக் குரல்ல வாசிக்கிறது?

உவரிக்காரன்:
தம்பி, மத்தத மாத்தலாம், இத மட்டும் மாத்த முடியாது. 7 வாசகத்த 3 ஆ குறைக்கலாம், ரொம்ப நெருக்கடின்னா 2 கூட ஆக்கலாம், ஆனா விடுதலைப் பயணம் 14 எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாதுன்னு திருவழிபாட்டு ஒழுங்குலயே இருக்கு. ஏன்னா அந்த ராத்திரியே கடந்து போற ராத்திரிதான். மெழுகுதிரி ஏத்தி ஃபாதர் பாடுற பாஸ்கா புகழுரைல செங்கடல் வருது, உன் வாசகத்துல வருது, அப்புறம் திருமுழுக்குத் (ஞானஸ்நானம்) தண்ணிய ஆசீர்வதிக்கிற ஜெபத்துலயும் வருது. நடுவுல பவுல் உரோமையருக்கு எழுதுன 6ஆம் அதிகாரம், திருமுழுக்குல கிறிஸ்துவோட செத்து அவரோட எழும்புறோம்னு. நீ வாசிக்கலன்னா இது எல்லாமே ஒரு பக்கம் அறுந்து தொங்கும்.

ரெண்டாவது கேள்விய நீ கேட்டதே எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு. சந்தோஷக் குரல்ல வாசிக்காத. யூத ரபிமார் மரபுல ஒண்ணு சொல்லுவாங்க, வானதூதர்கள் அந்த நேரத்துல பாடணும்னு வந்தப்ப கடவுள் தடுத்தாராம், என் கைப்படைப்பு கடல்ல மூழ்கிட்டிருக்கு, நீங்க பாட்டுப் பாடுறீங்களான்னு. உன் வாசகத்தோட கடைசி வசனங்கள்லயும் பாரு, கரையில செத்துக் கெடந்தவங்கள இஸ்ரயேலர் பாத்தாங்க, ஆண்டவருக்கு அஞ்சினாங்க, நம்பினாங்க, அவ்வளவுதான் இருக்கு. அந்த அச்சம் உன் குரல்ல இருந்தா போதும்.

பாடல்குழு_பாளை:
கொயர்ல இருக்கேன், அதனால என் பக்கத்த சொல்றேன். இந்த வாசகம் மோசேயும் மக்களும் ஆண்டவருக்கு இந்தப் பாட்டப் பாடினாங்கன்னுதான் முடியும், அடுத்து வர்ற பதிலுரைப் பாடல், அதாவது வாசகத்துக்குப் பதிலா பாடுற பாட்டு, அந்தப் பாட்டேதான், 15ஆம் அதிகாரம். அதாவது நீ வாசிச்சிட்டு இருக்கும்போதே பாட்டு தொடங்கிடுச்சுன்னு அர்த்தம். நடுவுல ஆர்கனிஸ்ட் புத்தகம் தேடுனா அத்தனையும் போச்சு. ஒரு வருஷம் எங்க பங்குல சம்பந்தமே இல்லாத வேற தியானப் பாட்டு பாடிட்டாங்க, எனக்கு இன்னைக்கு வரைக்கும் மனசு ஆறல. அதனால முன்னாடியே கொயர் மாஸ்டர்கிட்ட பேசிடு, உன் கடைசி வரிய அவங்ககூட ஒரு தடவ சேர்ந்து பழகிடு.

வரி தப்புறதுக்கு, 18 வசனத்த 4 காட்சியா பென்சில்ல பிரிச்சுக்கோ. கடவுள் மோசேகிட்ட பேசுறது, மேகத்தூண் முன்னாடி இருந்து பின்னாடி போறது, ராத்திரி முழுக்க கீழைக்காத்து அடிச்சு கடல் பிரிஞ்சு எகிப்தியர் உள்ள வந்து சக்கரம் சிக்கிக்கிறது, அப்புறம் தண்ணி திரும்புறது. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு மூச்சு நில்லு. பார்வோன், தேர், குதிரைவீரர்னு வர்றத வேகமா தள்ளிட்டுப் போயிடாத, அது படை நம்மள விடாம தொரத்திட்டு வர்ற சத்தம்.

மன்னார்_பெடியன்:
எங்கட பங்கில ஏழையும் வாசிக்கிறவை. சின்னப் பிள்ளையள் அம்மாமாற்ற மடியில நித்திரையாகிப் போயிடுங்கள், ஆனா வாசகங்கள் முடிஞ்சு ‘உன்னதங்களிலே’ எண்டு பாடுற ‘வானவர் கீதம்’ தொடங்கி மணி எல்லாம் அடிக்கேக்க திடுக்கிட்டு எழும்புவினம் பாருங்கோ, அதுக்காகவே அவ்வளவு நேரம் இருக்கலாம்.

கோயில்பிள்ளை_பேரன்:
மன்னார் தம்பி சொன்னது கேட்க ஆசையா இருக்கு. எங்க தாத்தா கோயில் பிள்ளையா, அதாவது கோயில் வேலைகளப் பாத்துக்கிறவரா இருந்தவர், அவர் சின்ன வயசுல இந்த வழிபாடு சனிக்கிழமை காலைலயே நடக்குமாம், வெயில்ல நின்னு இது இரவுன்னு லத்தீன்ல பாடுவாங்க, 12 வாசகம், சனத்துக்கு ஒரு வரி புரியாது. 1951ல போப் பன்னிரண்டாம் பத்திநாதர்தான் இத திரும்ப ராத்திரிக்குக் கொண்டு வந்தார், வாசகத்த 4 ஆ குறைச்சார், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம் 7 ஆச்சு, அதுவும் நம்ம தமிழ்ல. இவ்வளவு பாடுபட்டு கிடைச்சத நாம நேரமில்லன்னு 3 ஆக்குறோம், ஆனா எங்க பங்குல ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒரு முன்னுரை, வாசகத்துல வரப்போறத அப்படியே முன்கூட்டி சொல்லி முடிக்கிற முன்னுரை. அதெல்லாம் எடுத்தா இன்னும் ஒரு வாசகம் தாராளமா வாசிக்கலாம். நான் கூட்டத்துல சொல்லிட்டேதான் இருக்கேன்.

அன்பியம்_புதுசு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மாத்தப் போறதில்ல. கடைசியா ஒண்ணு, ஆரம்பிக்கும்போது மூன்றாம் வாசகம்னு சொல்லணுமா?

உவரிக்காரன்:
வேண்டாம், நேரா விடுதலைப் பயண நூலிலிருந்து வாசகம்னு தொடங்கு. செல்போன்லயோ ஜெராக்ஸ் தாள்லயோ வாசிக்காத, வாசக நூல்லயே வாசி. உங்க கோயில்ல வானவர் கீதம் வரைக்கும் லைட்ட அணைச்சு வைப்பாங்கன்னா வாசக மேடைல ஒரு சின்ன விளக்கு இருக்கான்னு கோயில் பிள்ளைகிட்ட இப்பவே கேட்டு வை, பெரிய வெள்ளி அன்னைக்கு சாயந்தரம் அவருக்கு நிக்க நேரம் இருக்காது.