சித்தியோடு பார்த்த மூன்று படங்கள்

போன மாதம் சித்தி ஆஸ்பத்திரி கிளினிக்குக்காக மூதூர்ப் பக்கமிருந்து வந்து, திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டில் பத்து நாள் நின்றார். பகலில் வெயில் வெளியே தலைகாட்ட விடாது. பின்னேரம் பிள்ளைகள் ரியூசன் முடிந்து வந்ததும் ஒரு படம் போடுவார்கள். அப்படி மூன்று படம் பார்த்தோம்.

முதலில் 'டூரிஸ்ட் ஃபேமிலி'. 2025-இல் வந்தது. அபிஷன் ஜீவிந்த் இயக்கிய முதல் படம். இலங்கையின் பொருளாதார நெருக்கடி தாங்காமல் சசிகுமாரும் சிம்ரனும் இரண்டு ஆண்பிள்ளைகளோடு படகில் ராமேஸ்வரம் போய் இறங்குகிறார்கள். பிறகு சென்னையில் ஒரு குடியிருப்பில், எங்கிருந்து வந்தவர்கள் என்பதை மறைத்து வாழ்கிறார்கள். எங்களுக்கு 2022 இன்னும் பழைய கதையாகவில்லை. ஒரு நாளில் 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்ததும், எரிவாயு வரிசையில் விடிய விடிய நின்றதும் பிள்ளைகளுக்கே நினைவிருக்கிறது. அந்த மார்ச்சில் யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்திலிருந்து 16 பேர் தனுஷ்கோடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று செய்தி வந்தபோது, "திரும்பவும் தொடங்கிட்டோ?" என்று கேட்டவர் சித்திதான்.

படத்தில் சிம்ரனின் சகோதரனாக வரும் யோகிபாபு, ஊர்ப் பேச்சை வெளியில் கதைக்கக் கூடாது என்று அவர்களை எச்சரிக்கிறார். அந்த இடத்தில் சித்தி கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். அவர் 1990-இல் இங்கிருந்து ஓடி, மன்னாரில் வள்ளம் ஏறி, மண்டபம் அகதி முகாமுக்குப் போனவர். பதின்மூன்று வருடம் தமிழ்நாட்டில் இருந்தவர். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி, அங்கே தான் மாற்றிக்கொண்ட சொற்களைச் சொல்லத் தொடங்கினார். தேத்தண்ணி டீ ஆனது, கதைக்கிறது பேசுறது ஆனது. சீனியைச் சர்க்கரை என்று கேட்கப் பழகுவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டதாம். நமக்குச் சர்க்கரை என்றால் வெல்லம் அல்லவா!

"எல்லாம் மாத்தினன் பிள்ளை. இந்த 'ஓம்' மட்டும் வாயை விட்டுப் போகேல்ல" என்றார். அங்கே 'ஆமாம்' என்பதற்கு எங்கள் சொல் அது. திருச்சிக்குப் போகும் வழியில் பஸ்ஸில் ஏறிய பொலிஸ்காரர் ஏதோ கேட்க, இவர் "ஓம் சார்" என்றிருக்கிறார். அந்த ஒரு சொல்லுக்காக இறக்கிக் கொண்டுபோய்ப் பொழுதுபடும்வரை பெஞ்சில் இருத்தி வைத்தார்களாம். மடியில் அப்போது ஒன்றரை வயதுப் பிள்ளை. இவ்வளவு காலம் இதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. என் அம்மாவுக்கே அன்றுதான் தெரியும்.

படத்தில் வரும் பேச்சு யாழ்ப்பாணப் பக்கத்தது, எங்களுடையது கொஞ்சம் வேறு. சசிகுமாரின் நாக்கு சில இடங்களில் தவறுவதும் காதுக்குத் தெரிகிறது. ஆனால் எங்கள் பேச்சைச் சிரிப்புக்காக மட்டும் வைத்த படங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். இந்தப் படத்தில் அந்தக் குடும்பம் வாயைத் திறக்கும்போது அருகில் இருப்பவர்கள் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். அது எனக்குப் பெரிய விஷயம். முடிவை இங்கே சொல்ல மாட்டேன், கட்டாயம் பாருங்கள்.

அடுத்த நாள் மகள்தான் தேடி எடுத்தாள், 2002-இல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்'. அதில் சிம்ரன் சென்னைத் தாய். வளர்த்த பிள்ளை அமுதாவைக் கூட்டிக்கொண்டு, பெற்றவளைத் தேடி மாங்குளம் வருகிறார். 23 வருடம் கழித்து அதே சிம்ரன் இங்கிருந்து அங்கே ஒளிந்து போகும் தாயாக நடித்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்த்ததால்தான் எனக்கு அது உறைத்தது. சித்தி குண்டுச் சத்தம் கேட்கும் இடங்களிலெல்லாம் எழுந்து குசினிக்குப் போய்விட்டார். அமுதா தன் தாயிடம் கேள்வி கேட்கும் இடத்துக்குச் சரியாகத் திரும்பி வந்து, வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றே பார்த்தார்.

மூன்றாவது 'மெய்யழகன்', 2024-இல் வந்தது. மெதுவாகப் போகும் படம், பிள்ளைகள் பாதியிலேயே தூங்கிவிட்டார்கள். அப்பா மட்டும் அசையவில்லை. தஞ்சாவூர் வீட்டை இழந்து போன அரவிந்த்சாமி 22 வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக ஊர்ப்பக்கம் வருகிறார். அங்கே பாசத்தைக் கொட்டும் கார்த்தியின் பெயர்கூட அவருக்கு நினைவில்லை. விட்டுப்போன சைக்கிள் ஒன்று அந்தக் கதையில் வரும். அப்பாவும் 1990-இல் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடும்போது தன் றலி சைக்கிளை விறாந்தைச் சுவரில் சாத்திவிட்டுத்தான் போனவர். திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, சைக்கிளும் இல்லை. படம் முடிந்து கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எடுத்தவன் ஓடித் திரிஞ்சிருந்தாச் சரி" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

சித்தி ஊருக்குப் போய் இரண்டாம் நாள் ஃபோன் எடுத்தார். பக்கத்து வீட்டுக்காரரும் பார்க்க வேண்டுமாம், பேத்தியின் ஃபோனுக்கு அந்தச் சிம்ரன் படத்தின் பெயரை அனுப்பச் சொன்னார். எந்தச் சிம்ரன் படம் என்று கேட்டேன்.

"கதைக்கக் கூடாதெண்ட படம், பிள்ளை."