பூமி நமக்காக அளந்து வைக்கப்பட்டதா? காவலூரிலிருந்து திரும்பும் வழியில் மகள் கேட்ட கேள்வி

குடியாத்தத்துக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற சனிக்கிழமை, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளை அழைத்துக்கொண்டு சவ்வாது மலைமேல் உள்ள காவலூர் வானாய்வகத்துக்குச் சென்று வந்தேன். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில், 1986-ல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி திறந்துவைக்கப்பட்டதைச் சிறுவயதில் செய்தித்தாளில் படித்த நினைவு எனக்கு இருந்தது. இருட்டிய பிறகு வாணியம்பாடியை நோக்கி இறங்கும்போது அவள் கேட்டாள்: "அப்பா, பூமி சூரியனுக்குக் கொஞ்சம் கிட்டே போயிருந்தால் வெந்துபோயிருக்கும், கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் உறைந்துபோயிருக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே, அப்படியென்றால் யாரோ அளந்துதானே வைத்திருக்க வேண்டும்?"

நான் இறைநம்பிக்கை உள்ளவன். வேலூருக்குப் போகும்போதெல்லாம் கோட்டைக்குள் சென்று ஜலகண்டேசுவரரை வணங்காமல் திரும்புவதில்லை. ஆகவே "ஆமாம் கண்ணு" என்று சொல்லிவிடுவது எனக்கு எளிது. ஆனால், பிற்காலத்தில் தவறென்று தெரியவரக்கூடிய ஒரு கணக்கை நம்பிக்கைக்கு முட்டுக்கொடுத்து அவளிடம் ஒப்படைத்தால், கணக்கு விழும் நாளில் நம்பிக்கையும் அதனோடு சேர்ந்து விழுந்துவிடுமே என்ற அச்சத்தில் பேசாமல் இருந்துவிட்டேன். பூமியின் தூரம், சாய்வு, நீர், காற்று ஆகியவை உயிர்களுக்கு இவ்வளவு பொருத்தமாக இருப்பது ஒரு நோக்கத்தின் அடையாளமா, இல்லையா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆம்பூர் ஆசிரியை எழுதியது:

ஐயா, முதலில் அந்த வாக்கியத்தையே சரிபார்த்துவிடுவோம். "கொஞ்சம் கிட்டே, கொஞ்சம் தள்ளி" என்பது எவ்வளவு? பூமியின் பாதை முழு வட்டமன்று. ஜனவரி முதல் வாரத்தில் நாம் சூரியனிலிருந்து ஏறத்தாழ 14.71 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறோம். ஜூலை முதல் வாரத்தில் அது 15.21 கோடியாகிறது. அதாவது ஒவ்வோர் ஆண்டும் 50 லட்சம் கிலோமீட்டர் கிட்டே போய்த் திரும்பி வருகிறோம். மிக அருகில் இருப்பது மார்கழிக் குளிரில் நாம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் நாட்களில்தான். நமது கோடையும் குளிரும் அச்சின் 23.4 பாகைச் சாய்வால் வருகின்றனவே தவிர, தூரத்தால் அல்ல. எனவே மயிரிழை பிசகினாலும் அழிவு என்பது உண்மையன்று.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வேலூரைச் சுற்றி நிற்கும் மொட்டைப் பாறைக் குன்றுகளை உங்கள் மகளுக்குக் காட்டுங்கள். காற்றிலுள்ள கரியமில வாயு மழைநீரில் கரைந்து மென்மையான அமிலமாகிறது. அது பாறையை மெல்ல அரிக்கிறது. அரித்தெடுத்த கால்சியம் ஆறுகளின் வழியே கடலை அடைந்து சுண்ணாம்புக்கல்லாகப் படிகிறது. படிந்த கல் பூமியின் உள்ளே இழுக்கப்பட்டு, வெந்து, எரிமலை வாயுவாக மீண்டும் வெளியே வருகிறது. பூமி சூடேறினால் மழையும் பாறை அரிப்பும் கூடி, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கரியமில வாயு குறைகிறது. பூமி குளிர்ந்தால் அரிப்பு குறைந்து, எரிமலைகள் விடும் வாயு காற்றில் சேர்ந்துகொண்டே போகிறது. பல லட்சம் ஆண்டுகளில் நடக்கும் இந்த ஏற்ற இறக்கம்தான், தொடக்கக் காலத்துச் சூரியன் இன்றைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு மங்கலாக இருந்தபோதும் பூமியில் நீர் நீராகவே இருந்ததற்குச் சொல்லப்படும் முதன்மையான விளக்கங்களில் ஒன்று. வெள்ளிக் கோளில் இந்தச் சுழற்சி நடைபெறவில்லை. அதன் காற்றில் 96 விழுக்காடு கரியமில வாயு, தரையில் ஏறத்தாழ 460 பாகை செல்சியஸ் வெப்பம்.

நாம் மூச்சுவிடும் ஆக்சிஜனும் முதலிலேயே தயாராக வைக்கப்பட்டிருந்த ஒன்றன்று. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்தான் அது காற்றில் சேரத் தொடங்கியது. சேர்த்தவை கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சை நுண்ணுயிர்கள். வீட்டுக்கு ஏற்றபடி குடியிருப்பவர் மாறினார், குடியிருப்பவர் வீட்டையும் மாற்றினார். இரண்டும் சேர்ந்து நடந்த பிறகு பொருத்தத்தை மட்டும் பார்த்து வியந்தால், கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்ததாகிவிடும்.

திருவலம் அடியவன் எழுதியது:

ஆசிரியை அம்மா சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். சைவ சித்தாந்தம் பயின்றவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று நம் பெரியோர் சொன்னபோது, குடம் கைக்கு வாகாக இருக்கிறது என்பதை அவர்கள் சான்றாகக் காட்டவில்லை. தோன்றி, நின்று, ஒடுங்கும் பொருள் எதுவும் தானாகத் தோன்றாது என்பதையே காட்டினார்கள். உடலும் கருவியும் உலகும் நுகர்வும் உயிர்களுக்குக் கொடுக்கப்பட்டிருப்பது சுகமாக வாழ்வதற்கன்று, மலம், அதாவது உயிரைப் பற்றியிருக்கும் அழுக்கு, நீங்கிப் பக்குவம் அடைவதற்கு என்பது எங்கள் கொள்கை. ஆகையால் பூமி வசதியான இடமா என்ற ஆராய்ச்சியில் அந்த நோக்கம் நிற்கவும் இல்லை, விழவும் இல்லை.

ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. மழை பாறையை அரிப்பது விதிப்படி. அந்த விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன? 1953-ல் ஃபிரெட் ஹாயில் என்ற இயற்பியலாளர், விண்மீன்களுக்குள் கார்பன் போதிய அளவு உருவாக வேண்டுமானால் அதன் அணுக்கருவில் ஒரு குறிப்பிட்ட ஆற்றல் நிலை இருந்தே தீர வேண்டும் என்று கணித்தார். அமெரிக்காவின் கால்டெக் ஆய்வகத்தில் தேடிப் பார்த்தபோது அது அங்கேயே இருந்தது. அது சற்று விலகியிருந்தால் உலகில் கார்பன் மிக அரிதாகியிருக்கும். இதைக் கேட்கும்போது என் கைகள் தாமாகவே கூப்பிக்கொள்கின்றன.

ஆரணி வட்டத்துச் சமணன் எழுதியது:

நான் தமிழ்ச் சமணக் குடும்பத்தைச் சேர்ந்தவன். வள்ளிமலைக் குகையிலும் போளூர்த் திருமலையிலும் நிற்கும் தீர்த்தங்கரர் உருவங்களை வணங்கி வளர்ந்தவர்களுக்கு, படைத்தவன் ஒருவன் இல்லாமலேயே நோக்கத்தோடு வாழ முடியும் என்பது புதிய செய்தியன்று. உலகுக்குத் தொடக்கமில்லை என்பது எங்கள் நெறி. படைத்தவனுக்கு விருப்பம் இருந்தது என்றால் அவனிடம் ஏதோ குறை இருந்தது என்றாகிறது. விருப்பமே இல்லை என்றால் ஏன் படைத்தான் என்ற வினாவுக்கு விடை இல்லை. இந்தப் பழைய வாதத்தைத் திருவலம் ஐயா அறிந்திருப்பார், அவர்கள் மரபில் அதற்கு மறுமொழியும் உண்டு என்பதையும் அறிவேன்.

குடியாத்தத்து ஐயாவுக்கு ஒன்று. இதமான தூரத்தைச் சான்றாகக் கொள்பவர் 1903-ல் வாணியம்பாடியை அடித்துச்சென்ற பாலாற்று வெள்ளத்தையும், 25 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்வாழ் இனங்களில் பெரும்பகுதி மாண்டுபோனதையும் அதே ஏட்டில் எழுத வேண்டும். வரவை மட்டும் எழுதிச் செலவை விடுவது நேர்மையான கணக்காகாது.

காட்பாடி இயற்பியல் எழுதியது:

கல்லூரியில் முப்பதாண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். நம் பக்கத்தில் தண்ணீருக்காகப் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடுவதை வைத்தே இதைச் சொல்லிப் பார்க்கிறேன். ஓர் ஊரில் ஐம்பது இடத்தில் போர் போடுகிறோம். நாற்பத்தைந்தில் எண்ணூறு அடி இறக்கியும் பாறைத் தூள்தான் பறக்கிறது. தண்ணீர் வந்த ஐந்து இடங்களில் தென்னை வைத்து, வீடு கட்டிக் குடியேறுகிறோம். பல தலைமுறைகளுக்குப் பிறகு அந்த வீட்டுப் பிள்ளை, "நாம் இருக்கும் இடத்திலேயே தண்ணீர் இருக்கிறதே, என்ன பொருத்தம்!" என்று வியந்தால் அந்த வியப்பில் தவறில்லை, ஆனால் அதிலிருந்து யாரோ தனக்கென்றே அங்கே நீரை வைத்தார்கள் என்ற முடிவு வராது. வறண்ட நிலத்தில் நின்று கேள்வி கேட்க ஆளே இல்லை. 1973-ல் பிராண்டன் கார்ட்டர் என்ற வானியலாளர் இந்தக் கருத்துக்கு ஒரு பெயரிட்டு முறைப்படுத்தினார்.

சூரியனைப் போன்ற இன்னொரு விண்மீனைச் சுற்றும் கோள் ஒன்று முதன்முதலில் 1995-ல் கண்டறியப்பட்டது. இன்று உறுதி செய்யப்பட்ட வெளிக்கோள்கள் ஐயாயிரத்துக்கும் மேல். போர்கள் பல, ஆகவே சிலவற்றிலேனும் தண்ணீர் வருவது எதிர்பார்க்கத்தக்கதே.

திருவலம் அடியவன் எழுதியது:

ஐயாவின் உவமை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதையே திருப்பிக் கேட்கிறேன். கோள்கள் பல, சரி. பிரபஞ்சம்? நாம் அறிந்தது ஒன்றுதான். வட்டம் முழுவதிலும் ஒரே ஒரு போர் போட்டு, போட்ட முதல் இடத்திலேயே தண்ணீர் பொங்கினால், நீரோட்டம் அறிந்த ஒருவர் இடம் பார்த்துக் கொடுத்திருக்கிறார் என்று நினைப்பது அவ்வளவு தவறா?

காட்பாடி இயற்பியல் எழுதியது:

தவறில்லை ஐயா. கோள்களைப் பற்றிய விடையைப் பிரபஞ்சத்துக்கு அப்படியே நீட்ட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1987-ல் ஸ்டீவன் வைன்பெர்க், பிரபஞ்சத்தை விரைந்து விரியச் செய்யும் வெற்றிடத்தின் ஆற்றல் ஓர் எல்லைக்கு மேல் இருந்தால் விண்மீன் மண்டலங்களே திரண்டிருக்க முடியாது என்று கணக்கிட்டுக் காட்டினார். பிரபஞ்சம் விரைவு கூடிக்கொண்டே விரிகிறது என்று 1998-ல் தெரியவந்தபோது கிடைத்த மதிப்பு அந்த எல்லைக்குள்ளேயே இருந்தது. இதற்குப் பல பிரபஞ்சங்கள் இருக்கலாம் என்று சிலர் விடை சொல்கிறார்கள். அவற்றில் ஒன்றையும் இதுவரை யாரும் கண்டதில்லை.

ஆனால் உங்கள் ஒற்றைப் போரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் போரில் தண்ணீர் வந்தது அதிசயமா என்பதை எப்படி முடிவு செய்கிறோம்? நம் மண் வறண்டது என்பதும், பத்தில் ஒன்பது போர் பொய்த்துவிடும் என்பதும் முன்பே தெரிந்திருப்பதால்தான் அதை அதிசயம் என்கிறோம். அந்த நிலத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாவிட்டால், அடியில் எங்கும் நீர் நிறைந்திருந்ததா, ஒரே ஓர் ஊற்றுக்கண்தான் இருந்ததா என்று சொல்ல வழியில்லை. இயற்கையின் விதிகள் வேறு மாதிரி இருந்திருக்க முடியுமா, முடிந்தால் எத்தனை மாதிரி என்று நமக்குத் தெரியாது. தெரியாத நிலையில் "அரிது" என்ற சொல்லுக்கு எண் கொடுக்க முடியாது. வடிவமைத்தவர் உண்டு என்பவருக்கும் தற்செயல் என்பவருக்கும் இந்தத் தடை ஒன்றேதான். ஹாயிலின் கார்பனைக் கேட்டால் என் கை கூப்பிக்கொள்வதில்லை, உண்மைதான். ஆனால் முப்பதாண்டுகள் பாடம் நடத்தியும் அந்த இடம் வரும்போதெல்லாம் வகுப்பில் சற்று நேரம் பேச்சை நிறுத்தியிருக்கிறேன்.

ஆம்பூர் ஆசிரியை எழுதியது:

குழந்தையிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். இந்தப் பொருத்தம் நிலையானதன்று. சூரியன் மெல்ல மெல்லப் பிரகாசம் கூடிவருவதால், ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகளில் கடல்கள் நிலைத்திருக்க முடியாத வெப்பம் வரும். பூமியின் ஏற்புடைமைக்கும் ஒரு பருவம் உண்டு.

குடியாத்தத்துக்காரன் எழுதியது:

ஆளுக்கொரு பக்கமாக வாதிட்டுப் பிரிந்துபோகும் இடமாக இது ஆகிவிடுமோ என்று தயங்கித்தான் கேட்டேன். ஒருவர் உவமையை இன்னொருவர் மதித்து எடுத்துப் பேசியதைப் படித்தபோது மனம் நிறைந்தது.

நேற்றிரவு மகளிடம் பேசினேன். பூமியின் தூரத்தை இனிச் சான்றாகச் சொல்லாதே, அது அவ்வளவு நுணுக்கமாக வைக்கப்பட்ட ஒன்றில்லை, ஆண்டுதோறும் 50 லட்சம் கிலோமீட்டர் அசைகிறது என்றேன். அந்த எண் அவளை வெகுவாகக் கவர்ந்துவிட்டது. விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்கு விடை யாருக்கும் தெரியவில்லை, அப்பா அந்த இடத்தில் இறைவனை வணங்குகிறேன், ஆனால் அதை உனக்கு நிரூபித்துக் காட்ட என்னால் முடியாது என்றும் மறைக்காமல் சொன்னேன். காட்பாடி ஐயாவின் போர் உவமையையும் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அந்த மண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன படிக்க வேண்டும்?" என்று கேட்டாள். காட்பாடி ஐயாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்ததும் மீண்டும் காவலூருக்குப் போவதாக இருக்கிறோம். ஜனவரி முதல் வாரமே போக வேண்டும் என்று சொல்லி, பூமி சூரியனுக்கு மிக அருகில் வரும் நாளை அவளே நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். திருவலம் ஐயாவுக்கு நேரம் கிடைத்தால், விண்மீனுக்குள் கார்பன் எப்படி உருவாகிறது என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.