ஞாயிற்றுக்கிழமை படம்

குழு: நம்ம வீடு
வியாழன்

தீபா 8:14
எல்லாரும் கவனிங்க. பாட்டிக்குக் கட்டு அவிழ்த்தாச்சு. வலது கண் முடிஞ்சுது, இடது கண் அடுத்த மாசம். புதுக் கண்ணாடி வர இன்னும் நாலு வாரம் ஆகுமாம். அதுவரைக்கும் படிக்க முடியாதுன்னு ஒரே புலம்பல். ஞாயிறு சாயங்காலம் எல்லாரும் அங்க சேர்ந்து ஒரு படம் பாக்கலாமா?

குமார் மாமா 8:15
🙏🙏

வசந்தி அத்தை 8:15
பாக்கலாமே. என்ன படம்

அப்பா 8:17
👍

தீபா 8:18
அதையும் பாட்டியே சொல்லிட்டாங்க. "ஆதி கதவைச் சாத்திக்கிட்டுப் பாக்குறானே, அந்தப் பொம்மைப் படம்."

நிலா 8:18
😂😂😂

ஆதி 8:19
பொம்மைப் படம் இல்ல. அனிமே. ஜப்பான் அனிமேஷன்

குமார் மாமா 8:19
கார்ட்டூன்தானேடா

ஆதி 8:19
இல்லப்பா

குமார் மாமா 8:20
வரைஞ்சு ஓட்டுறாங்க. கார்ட்டூன்.

ஆதி 8:22
பாட்டிக்குக் காட்டணும்னா முறையாக் காட்டணும். எதையாவது எடுத்துப் போடக் கூடாது. 1963ல வந்த ஆஸ்ட்ரோ பாய் தொடர்ல ஆரம்பிச்சு வரிசையா வந்தாதான் எதுக்கு எது அடிப்படைன்னு புரியும். நான் லிஸ்ட் தரேன்

நிலா 8:22
பாட்டிக்கு 81 வயசுடா

வசந்தி அத்தை 8:23
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

குமார் மாமா 8:23
நான் படிச்சுட்டேன்

நிலா 8:23
நானும் 😳

வசந்தி அத்தை 8:24
அம்மாவுக்கு யாரும் சொல்லித் தொலைக்காதீங்க

தீபா 8:25
லிஸ்ட்டெல்லாம் வேண்டாம் ஆதி. ஒரே ஒரு படம். ஸ்பிரிட்டட் அவே போடலாம். ரெண்டு மணி நேரம்தான். ஆனா பாட்டிக்கு சப்டைட்டில் படிக்க வராது. அதுவும் இங்கிலீஷ். டப்பிங்ல போட்டாலும் இங்கிலீஷ்தான்.

ஆதி 8:25
டப்பிங்ல பாத்தா பாத்த கணக்குலயே சேராது

நிலா 8:26
யாரோட கணக்குல?

ஆதி 8:26
எல்லாரோட கணக்குலயும்தான்

நிலா 8:28
இவன் இப்படித்தான். போன வருஷம் நான் நருட்டோ அனிமே டீ ஷர்ட் போட்டதுக்கு வாசல்லயே நிக்க வெச்சுக் கேள்வி கேட்டான். எத்தனை எபிசோட், யார் வரைஞ்சது, நரி எத்தனை வாலுன்னு. சட்டை போட நுழைவுத் தேர்வு. கிளாஸ்ல பசங்களும் இதேதான் பண்றாங்க. பையன் போட்டா யாரும் எதுவும் கேக்கறதில்ல.

ஆதி 8:28
சும்மா ஜாலிக்குக் கேட்டேன்

நிலா 8:28
அழுதேன்டா

வசந்தி அத்தை 8:29
எங்கிட்ட ஏன்டி சொல்லல

சந்துரு பெரியப்பா 8:41
அனைவருக்கும் வணக்கம். இப்போதுதான் பார்த்தேன். இந்த "யார் உண்மையான ரசிகன்" என்ற சண்டை புதிதல்ல. ஜப்பானில் "ஓட்டாகு" என்று ஒரு சொல் உண்டு. நேர்ப் பொருள் "உங்கள் வீடு". மரியாதையாக "தாங்கள்" என்று சொல்வது போல. இந்த ரசிகர்கள் ஒருவரையொருவர் அப்படி அழைத்துக்கொண்டார்கள். 1983இல் நாகாமோரி என்ற எழுத்தாளர் ஒரு பத்திரிகையில் அதையே கேலிப் பெயராக்கி எழுதினார். கேலியாக வந்த பெயரை இன்று பட்டம் மாதிரி மாட்டிக்கொண்டு, மற்றவர்களை உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள்.

குமார் மாமா 8:42
ஒட்டகமா?

சந்துரு பெரியப்பா 8:42
ஓட்டாகு.

குமார் மாமா 8:43
ஒட்டகத்துக்குத்தான் கூடாரத்துல இடம் கொடுக்கக் கூடாதும்பாங்க. இங்க ஒட்டகம் உள்ள படுத்துக்கிட்டு நம்மள வெளிய தள்ளுது

நிலா 8:43
🐫🐫🐫

ஆதி 8:45
டப்பிங் வேணாம்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு பெரிய மாமா. 1984ல வந்த நௌசிகா படத்தை அடுத்த வருஷம் அமெரிக்காவுக்குக் கொண்டு போனவங்க இருபது நிமிஷத்துக்கு மேல வெட்டி, பேரையும் மாத்திட்டாங்க. அதுக்கப்புறம்தான் ஸ்பிரிட்டட் அவே எடுத்த கிப்லி ஸ்டுடியோ ஒரு ஃப்ரேம்கூட வெட்ட விடல. அவங்களோட மோனோனோகே படம் அமெரிக்கா போகும்போது தயாரிப்பாளர் அங்க வெளியிடறவங்ககிட்ட ஒரு வாளைக் கொண்டு போய்க் குடுத்து வெட்டாதீங்கன்னு சொன்னார். எல்லாருக்கும் புரியணும்னு ஆரம்பிச்சா இப்படித்தான் முடியும்

சந்துரு பெரியப்பா 8:47
வெட்டுவது வேறு, குரல் மாற்றுவது வேறு தம்பி. அதே மோனோனோகே ஆங்கில டப்பிங்கோடுதான் போனது. வெட்டாதே என்றார்களே தவிர பேசாதே என்று சொல்லவில்லை.

நிலா 8:48
அதோட ஜப்பான்லயும் மொதல்ல படம், அப்புறம்தான் குரல். அவங்களுக்கே அது டப்பிங்தான். டிராகன் பால் ஹீரோ கோகுவுக்குக் குரல் குடுக்கறது யாருன்னு தெரியுமா? ஒரு பாட்டி. நோசாவா மசாகோ. 1936ல பொறந்தவங்க. 1986லேர்ந்து அவங்கதான் கோகு. இப்ப நீ பதில் சொல்லு, இதான் என் தேர்வு

குமார் மாமா 8:48
அந்தத் தலைமுடி சண்டைக்காரனுக்கா??

அப்பா 8:49
👍

ஆதி 8:49
தெரியும்

நிலா 8:49
தெரியாது 😌

வசந்தி அத்தை 8:53
சந்துரு அண்ணா ஒண்ணு சொல்லட்டா. உள்ள விடமாட்டேங்கறாங்கன்னு இவ்ளோ எழுதறீங்க. அந்த ஃபிலிம் சொசைட்டி கார்டு ஞாபகம் இருக்கா

சந்துரு பெரியப்பா 8:54
எது?

வசந்தி அத்தை 8:55
ரஷ்யப் படம். நான் தாவணி மாத்திக்கிட்டு வாசல்ல நின்னேன். "உனக்குப் புரியாது வசந்தி, மூணு மணி நேரம் உக்காரணும்"னு சொல்லிட்டு சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டீங்க

சந்துரு பெரியப்பா 8:57
அது உறுப்பினர்களுக்கு மட்டுமான திரையிடல். அந்தப் படங்கள் தூதரகங்களிலிருந்து பெட்டியில் வரும், ஒரு காட்சி முடிந்ததும் அடுத்த ஊருக்குப் போய்விடும். சங்கத்தின் விதி அப்படி. நான் என்ன செய்ய முடியும்?

வசந்தி அத்தை 8:57
செயலாளர் நீங்கதானே

வசந்தி அத்தை 8:58
இன்டர்வெல்லுக்கு முன்னாடியே நீங்க குறட்டை விட்டீங்கன்னு கூட வந்தவர் அப்பாகிட்ட சொன்னாராம்

குமார் மாமா 8:58
மச்சான் 🤣

அப்பா 8:59
உண்மைதான்

தீபா 9:00
அப்பா பேசிட்டாரு! சரி, ஞாயித்துக்கிழமைக்கு வாங்க ப்ளீஸ். சப்டைட்டில் முடியாது, டப்பிங் புரியாது. என்ன பண்றது?

தீபா 9:03
நெட்பிளிக்ஸ் 2015ல டேர்டெவில் தொடரைப் போட்டாங்க. கண் தெரியாத ஹீரோ. பார்வை இல்லாதவங்க எங்களுக்கு எப்படிப் புரியும்னு கேட்டாங்க. அதே மாசம் திரையில நடக்கறதை வாயால சொல்ற ஒலித்தடம் சேர்த்தாங்க. நமக்கும் அந்த மாதிரி, பக்கத்துல உக்காந்து தமிழ்ல சொல்ல ஒருத்தர் இருந்தாப் போதும்.

சந்துரு பெரியப்பா 9:09
அருமை தீபா! இது ஜப்பானின் சொந்த மரபே. ஊமைப்பட காலத்தில் அங்கே திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார். "பென்ஷி" என்று பெயர். ஆண், பெண், குழந்தை எல்லாருக்கும் அவரே குரல் மாற்றிப் பேசுவார். படத்தைவிட அவருக்காகவே கூட்டம் வந்ததுண்டு. பேசும் படம் வந்ததும் அந்தத் தொழில் போயிற்று. இயக்குநர் குரோசாவாவின் அண்ணனும் ஒரு பென்ஷிதான். அந்தப் பணியை ஞாயிறன்று நான் ஏற்கத் தயார்.

வசந்தி அத்தை 9:09
வேண்டாம்

நிலா 9:09
வேண்டாம் பெரிய மாமா

குமார் மாமா 9:10
படம் ரெண்டு மணி நேரம், நீங்க அஞ்சு மணி நேரம்

பாட்டி 9:14
🎤 0:47

தீபா 9:15
பஸ்ல இருக்கேன், கேக்கல. யாராச்சும் எழுதுங்க

நிலா 9:18
எழுதறேன். "எல்லாம் கேட்டுட்டுதான் இருக்கேன். தீபா அம்மா படிச்சுக் காட்டுறா. வசந்தி, நீ அழிச்சதையும் படிச்சுட்டா." (இருமல்) "ஆதி சின்னதுல என் மடியில உக்காந்து கேள்வி மேல கேள்வி கேப்பான். நான் சினிமா பூரா கதை சொல்லிட்டே இருப்பேன். இப்ப அவன் சொல்லட்டும். அவன் சொன்னாதான் பாப்பேன்." அப்புறம் டிவியை எப்படி அணைக்கறதுன்னு யார்கிட்டயோ கேக்கறாங்க

வசந்தி அத்தை 9:18
ஐயோ அம்மா

ஆதி 9:26
அந்தப் படத்துல பேச்சே இல்லாத இடம் நிறைய இருக்கு. அதையெல்லாம் எப்படிச் சொல்றது? அதை எடுத்த மியாசாகி ஒரு பேட்டியில கையைத் தட்டிக் காட்டி, ரெண்டு தட்டுக்கு நடுவுல இருக்கற இடைவெளிதான் "மா"ன்னு சொன்னார். அது இல்லாம ஓடிட்டே இருந்தா வெறும் அவசரம்தான். நான் பேசினா அது போயிடும்

குமார் மாமா 9:27
அதுக்குப் பேர் அம்மாவா

ஆதி 9:27
மா. ஒரே எழுத்துப்பா

ஆதி 9:31
ஒரு ரயில் வரும். தண்ணி மேல. அந்தப் பொண்ணு உக்காந்து ஜன்னல் வழியா வெளிய பாத்துட்டே போவா, அவ்ளோதான். நான் முதல் தடவை பாத்தப்ப பதினொண்ணாம் கிளாஸ் ரிசல்ட் வந்த அன்னிக்கு. அதுக்கப்புறம் அந்த இடத்தை யார்கூடயும் பாத்ததில்ல

வசந்தி அத்தை 9:33
சரிடா கண்ணா

ஆதி 9:34
மத்த இடம் சொல்றேன். ரயில் வந்தா சொல்ல மாட்டேன். யாரும் பேசக் கூடாது. அப்பா முக்கியமா

குமார் மாமா 9:34
நான் என்னடா பண்ணேன்

பாட்டி 9:37
🎤 0:06

நிலா 9:38
"ரயில் வந்ததும் என் கையை அமுக்கு. வாயை மூடிக்கறேன்."

அப்பா 9:38
👍

தீபா 9:40
முடிஞ்சுது. ஞாயிறு அஞ்சு மணி. படம் நெட்பிளிக்ஸ்ல இருக்கு. யார்கிட்ட அக்கவுன்ட் இருக்கு?

சந்துரு பெரியப்பா 9:42
என்னிடம் அசல் டிவிடியே உள்ளது. என் நண்பர் ஜப்பானிலிருந்து கொண்டுவந்தது.

ஆதி 9:42
ரீஜியன் 2. நம்ம வீட்டு பிளேயர் எடுக்காது

சந்துரு பெரியப்பா 9:45
ஆமாம், அதுவும் ஒரு கொடுமை. காசு கொடுத்து வாங்கிய வட்டு. உலகத்தை ஆறாகப் பிரித்து அமெரிக்காவுக்கு 1, ஜப்பானுக்கு 2 என்று பூட்டுப் போட்டுவிட்டார்கள். கலை எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டாமா?

வசந்தி அத்தை 9:46
நெட்பிளிக்ஸ் உங்ககிட்டதானே இருக்கு அண்ணா

தீபா 9:46
பெரியப்பா, பாஸ்வேர்ட் அனுப்புங்க

நிலா 9:51
பெரிய மாமா?

குமார் மாமா 9:52
நீல டிக் வந்துடுச்சு

சந்துரு பெரியப்பா 10:04
அது என் ப்ரொஃபைல். இடையில் வேறு எதையாவது பார்த்தால் எனக்கு வரும் பரிந்துரைகள் எல்லாம் கெட்டுவிடும். ஞாயிறன்று நானே நேரில் வந்து போட்டுத் தருகிறேன்.

வசந்தி அத்தை 10:05
அதே சைக்கிள்

நிலா குழுவின் பெயரை "ஒட்டகக் கூடாரம்" என மாற்றினார்

அப்பா 10:06
👍

தீபா 10:09
டிவிக்கு எச்டிஎம்ஐ கேபிள் யார்கிட்ட இருக்கு?