பட்டாசு ஆலை விபத்து: தொழிலாளி செய்த தவறுக்கு முதலாளி எப்படிப் பொறுப்பு?

சாத்தூரான்:
வெடிவிபத்து நடந்தால் உடனே உரிமையாளர் மேல் வழக்கு. அளவுக்கு மேல் வெடிமருந்து கலப்பது யார்? அறைக்கு நாலு பேர் என்றால் பத்துப் பேர் உட்காருவது யார்? மேற்பார்க்கிற போர்மேன் சொன்னாலும் கேட்பதில்லை. சின்ன முதலாளி இதற்கெல்லாம் நஷ்டஈடு கொடுத்தால் தொழிலை மூட வேண்டியதுதான்.

வைப்பாறு:
பீஸ் ரேட்டில், அதாவது செய்த எண்ணிக்கைக்குத்தான் கூலி என்று வைத்துவிட்டு, வேகமாகச் செய்கிறார்கள் என்று குறை சொல்வது நியாயமா அண்ணே? மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியப் பவுடரும் வெடியுப்பும் சேர்ந்த கலவை மிஞ்சினால் அன்றைக்கே அழித்துவிட வேண்டும். ராத்திரி கிடந்தால் ஈரம் ஏறி, தானாகவே சூடாகும். காலையில் கை வைத்ததும் வெடிக்கும். அழித்தால் காசு போவது முதலாளிக்கு, எடுத்து வைத்தால் உயிர் போவது கூலிக்காரருக்கு. கெட்டுப்போன மருந்தைக் கையில் கொடுத்தவர்தானே பொறுப்பு?

சாத்தூரான்:
எல்லா ஆலையிலும் அப்படி இல்லை தம்பி. வேண்டுமென்றே விதியை மீறினால் நஷ்டஈடு இல்லை என்று சட்டமே சொல்கிறதே.

வைப்பாறு:
பாதிதான் சொல்கிறீர்கள். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் அந்த விலக்கு இருந்தது. ஆனால் சாவுக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அது செல்லாது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படியேதான். செத்தவர் மேல் பழி போட்டுத் தப்ப முடியாது. காண்ட்ராக்டர் வைத்த ஆள் என்றும் கைகழுவ முடியாது. முதலில் முதலாளி கொடுத்துவிட்டு, அப்புறம் காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம்.

கரிசல்:
ஒரு சந்தேகம். 2012 செப்டம்பரில் சிவகாசி பக்கம் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். பலர் அந்த ஆலைத் தொழிலாளிகளே இல்லை, உதவ ஓடிவந்த ஊர்க்காரர்கள். இவர்களுக்கு எந்தச் சட்டம்?

வைப்பாறு:
தொழிலாளி அல்லாதவர்களுக்காகவே 1991இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. அபாயகரமான பொருளைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கையாள்பவர் முன்கூட்டியே காப்பீடு எடுத்திருக்க வேண்டும். யார் தவறு என்று நிரூபிக்கவும் தேவையில்லை. அதற்கும் முன்பு, டெல்லி ஸ்ரீராம் ஆலை வாயுக்கசிவு வழக்கில் 1986லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: ஆபத்தான தொழில் நடத்தினால் முழுப் பொறுப்பு, சாக்குப்போக்கு கிடையாது.

சாத்தூரான்:
ஸ்ரீராம் பெரிய கம்பெனி. நாலு ஷெட் வைத்திருப்பவரும் அதுவும் ஒன்றா?

வைப்பாறு:
பொறுப்பு ஒன்றுதான், தொகை வேறு. நிறுவனத்தின் அளவையும் வசதியையும் பார்த்து நஷ்டஈட்டை முடிவு செய்யச் சொன்னது அதே தீர்ப்புதான்.