கையால் வரைந்த மாதிரி தமிழ் எழுத்துரு வேண்டும்

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் நூலகத்தில் குழந்தைகளுக்கான கதை நேரத்துக்குச் சுவரொட்டி செய்கிறேன். தலைப்புக்குத் துள்ளலான ஒரு யூனிகோடு எழுத்துரு தேவை.

'பலூ தம்பி' எழுத்துரு அழகுதான், ஆனால் கொழுகொழுவென்று ஒரே சீராக இருக்கிறது. காயினியும் அப்படியே. தாரிக் அசீஸ் வடிவமைத்த 'கவிவாணர்' எழுத்துரு கையெழுத்துக்கு நெருக்கம்; அந்தச் சாய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெரிய தலைப்பில்தான் மெலிந்து தெரிகிறது.

கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிய வேண்டும், 'ழ'வின் வால் கொஞ்சம் ஆட வேண்டும். அதற்காக 'கொ'வில் கொம்பு எழுத்தை இடிக்கக் கூடாது. மெய்யெழுத்தின் புள்ளியும் பளிச்சென்று தெரிய வேண்டும். படிக்கப்போவது இப்போதுதான் எழுத்துக் கூட்டும் பிள்ளைகள்.

திறந்த உரிமம் என்றால் நல்லது, காசு கொடுத்து வாங்கவும் தயார். அப்புறம், நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு என்றால் அச்சிட்ட படத்தையும் போடுங்கள்.